தீ தின்ற பங்கு

ரசாயனம் என்று பேச்சை எடுத்தாலே என் நண்பர்கள் சிலருக்கு முகம் கோணிவிடும். கதை எழுதுகிறவனுக்கு அந்த நாற்றம் பிடித்த சாஸ்திரத்தோடு என்ன உறவு என்று கேட்பார்கள். அவர்கள் நினைவில் ரசாயனம் என்பது அழுகிய முட்டை வாடை, சட்டையில் அமிலம் பட்டு விழுந்த ஓட்டை, பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போட்ட சமன்பாடுகள், இவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம்மில் பலருக்கும் அந்தச் சாஸ்திரம் அப்படித்தான் அறிமுகம் செய்துவைக்கப்பட்டது.

கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்துவிட்டு, அதோடு படிப்புக்கே ஒரு கும்பிடு போட்டு வெளியே வந்தவன் நான். படித்ததில் முக்கால்வாசி மறந்துபோயிற்று. மறக்காமல் தங்கியிருப்பது ஒரு கணக்கு. எந்தப் பொருள் எந்தப் பொருளோடு எவ்வளவு சேரும், சேர்ந்தால் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு. 1792-ஆம் வருஷம் ரிக்டர் என்ற ஜெர்மானியர் கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து இதற்கு 'ஸ்டாய்க்கியோமெட்ரி' என்று பெயர் சூட்டினார். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். பெயர்தான் பெரிசு, உள்ளே இருப்பது மளிகைக் கடைச் சிட்டை.

அந்தச் சிட்டையில் ஒரு மனுஷியின் மானம் தொங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அது மறக்கவில்லை. அந்தக் கதைக்கு வருவதற்கு முன் சிட்டையைப் படிக்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்று ஒரு வீட்டில் போடுவார்கள். அடுத்த வீட்டில் மூன்றுக்கு ஒன்று. ஓட்டலில் எத்தனைக்கு எத்தனை என்று கேட்பது மரியாதை அல்ல. எப்படிப் போட்டாலும் கிடைப்பது இட்லிதான். கல்லாக வந்தாலும் அதற்கு இட்லி என்றுதான் பெயர்; மாமியார் அதை ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம், அது வேறு விஷயம்.

இயற்கையின் சமையற்கட்டில் இந்தச் சலுகை கிடையாது. ஹைட்ரஜன் இரண்டு அணு, ஆக்சிஜன் ஒரு அணு சேர்ந்தால் தண்ணீர். இரண்டுக்கு இரண்டு சேர்ந்தால், கெட்டியான தண்ணீரோ நீர்த்த தண்ணீரோ வராது. ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற வேறொரு பொருள் வரும். புண்ணில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருகிறதே, அந்த மருந்து. ஆகவே, ரசாயனக் குறியீட்டில் எழுத்துக்குக் கீழே சின்னதாக எழுதுகிற எண் இருக்கிறதே, அது பொருளின் பிறவிக் குணம். அதில் நாம் கை வைக்கக் கூடாது. முன்னால் பெரிதாக எழுதுகிற எண் மட்டும் நம் வசம்: எத்தனை மூலக்கூறு வேண்டும் என்று கேட்கிற உரிமை. வாத்தியார்கள் சமன்பாட்டைச் 'சரிக்கட்டு' என்று சொல்லும்போது, பெரிய எண்ணை மாற்றித்தான் சரிக்கட்ட வேண்டும். சின்ன எண்ணை மாற்றிச் சரிக்கட்டுகிறவன், கடன்காரன் பெயரையே மாற்றி எழுதிக் கணக்கை நேர் செய்கிற குமாஸ்தாவைப் போன்றவன்.

இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒரே வரியில் சொல்லிவிடுகிற இந்த நியாயத்துக்கு ஒரு பெரிய வழக்கே நடந்தது. ப்ரூஸ்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஸ்பெயின் தேசத்தில் இருந்துகொண்டு, பூமியில் தானாகக் கிடைக்கும் செம்புக் கார்பனேட்டையும், தாமே சோதனைச்சாலையில் செய்த செம்புக் கார்பனேட்டையும் நிறுத்துப் பிரித்துப் பார்த்தார். இரண்டிலும் பங்குகள் ஒன்றாகவே இருந்தன. மனிதன் செய்தாலும் மலை செய்தாலும் சேர்மானம் ஒன்றே என்று 1799-இல் சொன்னார். நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்வந்த பெர்த்தோலே என்ற பெரியவர் அதை ஒப்பவில்லை. இரண்டு பக்கமும் வருஷக்கணக்காக எழுதினார்கள். கடைசியில் ப்ரூஸ்ட் பக்கம் தீர்ப்பாயிற்று. ஆனாலும் பெர்த்தோலே முழுக்கத் தோற்றுவிடவில்லை. இரும்பு ஆக்சைடு போன்ற சில திடப்பொருள்களில் பங்கு சற்று முன்பின்னாக இருப்பது பிற்பாடு தெரியவந்தது. அப்படிப்பட்டவற்றுக்குப் 'பெர்த்தோலைடு' என்று அவர் பெயரையே வைத்தார்கள். தோற்ற கட்சிக்காரரின் பெயரைச் சட்டப் புத்தகத்தில் எழுதிவைக்கிற பெருந்தன்மை எத்தனை கோர்ட்டுகளில் உண்டு?

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் கடலோரத்தை ஒட்டியது. ஊருக்கு வெளியே, உப்பங்கழியின் கரையில் ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. கழியில் வாரிய கிளிஞ்சலையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கி நெருப்பு வைப்பார்கள். ராத்திரியில் தூரத்திலிருந்து பார்த்தால், தரையில் ஒரு சிவப்புக் கண் விழித்துக்கொண்டிருப்பது போல் இருக்கும். அதை நடத்தியவள் ஒரு வயதான அம்மாள். கணவன் போன பிறகு, தகப்பனார் கற்றுக்கொடுத்த தொழிலைத் தனியாகவே செய்துவந்தாள். கைகளிலும் கணுக்காலிலும் சுண்ணாம்பு தின்ற வெடிப்புகள். பேச்சு அதிகம் கிடையாது.

நான் கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கும்போது என் பெரியப்பா வீடு கட்டினார். மொட்டைமாடித் தளத்துக்குச் செங்கல் ஜல்லியும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் போட்டு இடித்தால்தான் நூறு வருஷம் ஒழுகாது என்பது அவருடைய கட்சி. பெரியப்பா சர்க்காரில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். காய்கறிக்காரியின் தராசைக்கூடத் தூக்கிப் பார்த்து, தட்டைத் தட்டிப் பார்த்து, அப்புறம்தான் கத்தரிக்காயைக் கையால் தொடுவார். கடையில் சுண்ணாம்பு வாங்கினால் கலப்படம் இருக்கும் என்று அவரே கிளிஞ்சலை விலைக்கு வாங்கி, நன்றாகக் காயவைத்து, 1,000 கிலோ எடை போட்டு, காளவாய்க்கார அம்மாளிடம் ஒப்படைத்தார். சுட்டுக் கொடுப்பதற்குக் கூலி பேசியாயிற்று.

நாலைந்து நாள் கழித்துச் சுட்ட சுண்ணாம்பு வந்தது. வாசலிலேயே தராசு கட்டி நிறுத்தார். 540 கிலோ.

பெரியப்பா முகம் மாறிவிட்டது. "ஏம்மா, ஆயிரம் கிலோ குடுத்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே கொண்டாந்திருக்கே. மீதி 460 கிலோ எங்கே?"

"அது தீ தின்ன பங்குங்க ஐயா. எப்பவும் அப்பிடித்தான்."

"தீ விறகைத் தின்னும், கரியைத் தின்னும். ஓட்டைத் தின்னுமா? எனக்கே கணக்குச் சொல்றியா?"

"பத்துக்கு அஞ்சரைதாங்க ஐயா நிக்கும். எங்கப்பா காலத்திலேருந்து அப்பிடித்தான். நான் ஒரு சிப்பி எடுக்கலைங்க."

தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். இப்படிப்பட்ட நேரங்களில் கூடுகிற நாலு பேரும் எப்போதும் ஒரே மாதிரி ஆட்கள்தாம். "இவளுக்கு இதே வழக்கம்" என்றார் ஒருவர். "அதான் இத்தனை வருஷமா பிழைப்பு நடக்குது" என்றார் இன்னொருவர். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. கூலி வாங்காமல் வெறும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு அப்போது கிளிஞ்சலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் அடிப்படையில் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட், என்பது அந்த மாதந்தான் வகுப்பில் நடந்திருந்தது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து அதன் முதுகில் போட்டேன். கால்சியத்தின் அணு எடை 40. கரிமம் 12. ஆக்சிஜன் 16, அது மூன்று இருப்பதால் 48. கூட்டினால் நேர் 100. இவ்வளவு அழகாக முழு நூறு வருகிற பொருள் ரசாயனத்தில் அபூர்வம். வாத்தியார்களுக்கு அதன் பேரில் தனிப் பிரியம். சுடும்போது என்ன நடக்கிறது? கரிமமும் இரண்டு ஆக்சிஜனும் கைகோத்துக்கொண்டு கரியமில வாயுவாகப் போய்விடுகின்றன. 12-உம் 32-உம் சேர்ந்து 44. மிஞ்சுவது கால்சியமும் ஒரு ஆக்சிஜனும்: 40-உம் 16-உம், 56. நூற்றுக்கு ஐம்பத்தாறு, ஆயிரத்துக்கு 560. கிளிஞ்சலில் ஒட்டியிருந்த ஈரம், மண், மற்ற சரக்கு எல்லாவற்றையும் கழித்தால் 540 என்பது கச்சிதமான கணக்கு. அந்த அம்மாள் சொன்ன பத்துக்கு ஐந்தரை!

தாளைப் பெரியப்பாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குச் சங்கடம்.

"ஏண்டா, காத்துக்கு ஏதுடா எடை? அதுவும் 440 கிலோ?" என்றார்.

நியாயமான கேள்வி. அவர் மட்டுமா கேட்டார்? உலகமே வெகுகாலம் அந்தக் கேள்வியோடுதான் இருந்தது. பெரியப்பா பிடிவாதக்காரர், ஆனால் கணக்குக்குக் கட்டுப்பட்டவர். அடுத்த தடவை காளவாய் அடுக்கும்போது, கழுவிக் காயவைத்த கிளிஞ்சலில் 10 கிலோ நிறுத்து, புதுப் பானையில் போட்டு, துளையிட்ட மூடியை வைத்துக் கம்பியால் தம் கையாலேயே கட்டினார். அதைக் காளவாயின் நடுவில் வைக்கச் சொல்லி, ராத்திரி முழுக்க அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பானை ஆறியதும் கம்பியை அவரே அறுத்தார். கிளிஞ்சல் வடிவம் மாறாமல், எண்ணிக்கை குறையாமல் அப்படியே இருந்தது. தூக்கினால் பூப்போல இருந்தது. நிறுத்தார். 5 கிலோ 700 கிராம்.

முந்தின கூலி, இந்தக் கூலி இரண்டையும் எண்ணி அந்த அம்மாள் கையில் கொடுத்தார். "நான்தான் முன்னாடியே சொன்னேனுங்களே ஐயா" என்றாள் அவள். அதில் கோபம் இல்லை, வெற்றியும் இல்லை. பெரியப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் அவர் காலமான பிறகு வீடு கட்டிய கணக்கு நோட்டைப் புரட்டியபோது, செலவுப் பக்கத்தில் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் ஒரு வரி கண்டேன்: 'தீ தின்ற பங்கு: 4 கிலோ 300.' எனக்குத் தெரிந்து அவர் எழுதிய மன்னிப்புக் கடிதம் அது ஒன்றுதான்.

தெருவில் கூடிய அந்த நாலு பேருக்கு மட்டும் யாரும் நோட்டைக் காட்டவில்லை. பழி தெருவில் விழுகிறது; அது துடைக்கப்படுவது எங்கேயோ ஒரு நோட்டுப் புத்தகத்தின் உள் பக்கத்தில். அந்த அம்மாளுக்குக் கணக்கு தெரிந்தே இருந்தது. தகப்பன் வழியாக, கை வழியாகத் தெரிந்திருந்தது. அதைத் தாளில் எழுத ஒரு கல்லூரிப் பையன் வந்தபிறகுதான் அது உண்மையாயிற்று என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்கிறது.

காற்றுக்கு ஏது எடை என்ற பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் தேடியவர்களில் முதல்வர் ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். வைத்தியம் படித்தவர். 1750-களில், தராசைத் துணையாக வைத்துக்கொண்டு, வெள்ளை மக்னீஷியாவையும் சுண்ணாம்புக்கல்லையும் சுட்டு எடை பார்த்தார். குறைந்த எடை ஒரு வாயுவாகப் போகிறது என்று கண்டார். கல்லுக்குள் கட்டுண்டு கிடந்த காற்று என்பதால் 'நிலைத்த காற்று' என்று அதற்குப் பெயரிட்டார். நம் மூச்சிலும் அதே வாயு உண்டு என்று காட்டினார். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு குழாயை விட்டு ஊதிப் பாருங்கள். பால் போல வெளுத்துவிடும். நாம் விடுகிற மூச்சு அங்கே மறுபடி கல்லாகிறது.

பிளாக்குக்குப் பின்னால் லவாய்சியே. பிரான்ஸில் வரி வசூல் குத்தகையில் பங்காளியாக இருந்தவர். வரவும் செலவும் நேர் நிற்க வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிய மனிதர். வினைக்கு முன்னால் இருந்த எடையும் பின்னால் இருக்கிற எடையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் எதையோ எழுத விட்டுவிட்டாய் என்று பொருள் என்பதை 1789-இல் வெளியிட்ட புத்தகத்தில் அடிப்படை விதியாகவே வைத்தார். 1794-ஆம் வருஷம் மே மாதம் 8-ஆம் தேதி, அந்த வரிக் குத்தகைக்காகவே புரட்சிக்காரர்கள் அவர் தலையை வாங்கினார்கள். வரிக் கணக்கு அவரைக் கொன்றது; வாயுக் கணக்கு அவரைச் சாகாமல் வைத்திருக்கிறது.

சுண்ணாம்பின் கதை காளவாயோடு முடிகிறதா என்றால் இல்லை. அதன் பிற்பாதி இன்னும் ரசமானது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொரிந்து நீறாகிறதல்லவா? அங்கே 56 பங்கு சுண்ணாம்பு 18 பங்கு தண்ணீரை வாங்கிக்கொண்டு 74 ஆகிறது. அதைக் கரைத்துச் சுவரில் அடிக்கிறோம். சுவர் காயக் காய, தண்ணீர் 18 வெளியே போகிறது. காற்றிலிருந்து கரியமில வாயு 44 உள்ளே வருகிறது. 74-இல் 18 போய் 56. 44 வந்து 100. புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்ந்தாயிற்று! வெள்ளையடித்த சுவரில் இருப்பது மறுபடியும் கிளிஞ்சல்தான். பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டில் குடியிருப்பவர்கள் எல்லாரும் ஒரு பெரிய சிப்பிக்குள் குடியிருக்கிறார்கள் என்று சொன்னால் அது கவிதை அல்ல, எடைக் கணக்கு.

நீற்றும்போது தண்ணீர் போதவில்லை என்றால் என்ன ஆகும்? 56-க்கு 18 என்ற விகிதத்தில் எது குறைவோ அதுவே எவ்வளவு நீறு கிடைக்கும் என்பதை முடிவு செய்யும். 112 கிலோ சுண்ணாம்புக்கு 18 கிலோ தண்ணீர்தான் கிடைத்தது என்றால் 56 கிலோ நீறாகாமல் நின்றுவிடும். அப்படி நீறாத கட்டி பூச்சுக்குள் போய்விட்டால், பிற்பாடு மெல்ல ஈரத்தை வாங்கி உப்பி, பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். அன்றைக்கு அடைக்காத கடன் வட்டியோடு வருகிறது. மாதக் கடைசியில் சர்க்கரை டப்பா நிறைய இருந்து காப்பித்தூள் ஒரே கரண்டி இருந்தால், அந்த ஒரு கரண்டிதான் வீட்டில் எத்தனை பேருக்குக் காப்பி என்று தீர்மானிக்கிறது. ரசாயனக்காரர்கள் இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் குடும்பத்தலைவிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆனால் இந்தக் குறைவு எப்போதும் காப்பியோடு நிற்பதில்லை. கரி எரியும்போது 12 பங்கு கரிமத்துக்கு 32 பங்கு ஆக்சிஜன் கிடைத்தால் 44 பங்கு கரியமில வாயு. காற்று போதாமல் 16 பங்கே கிடைத்தால் வருவது 28 பங்கு கார்பன் மோனாக்சைடு. அதே கரி, அதே காற்று. அணுக்கணக்கில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். மலைப் பிரதேசத்தில் குளிருக்கு அஞ்சி அடைத்த அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கினவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம், அந்தச் சின்ன எண்ணைத்தான் நினைத்துக்கொள்வேன். இரண்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று.

இத்தனை நேரமும் 'அணு எத்தனை' என்று எண்ணிக்கையில் ஒரு காலும், 'எடை எவ்வளவு' என்று தராசில் ஒரு காலும் வைத்துப் பேசிவிட்டேன். இயற்கை எண்ணித்தான் சேர்க்கிறது. நம் கையில் இருப்பதோ தராசு. இந்த இரண்டுக்கும் பாலம் போடுவதற்குத்தான் அரை நூற்றாண்டு பிடித்தது.

ஜான் டால்டன் அணு எடைகளுக்குப் பட்டியல் போட்டார். ஆனால் தண்ணீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்று வைத்துக்கொண்டார். அப்படி வைத்தால் எவ்வளவு நன்றாக நிறுத்தாலும் ஆக்சிஜனின் எடை 8 என்றுதான் வரும். 1808-இல் கே-லூசாக் வாயுக்களின் கன அளவைப் பார்த்தார்: இரண்டு படி ஹைட்ரஜன், ஒரு படி ஆக்சிஜன் சேர்ந்தால் இரண்டு படி நீராவி. ஒரு படி ஆக்சிஜன் எப்படி இரண்டு படி நீராவிக்குள்ளும் இருக்க முடியும்? அணுவைப் பிளந்தால்தானே முடியும் என்று எல்லாரும் விழித்தார்கள். 1811-இல் அவகாட்ரோ என்ற இத்தாலியர் விடை சொன்னார். சட்டம் படித்துவிட்டுப் பௌதிகத்துக்கு வந்தவர். ஒரே வெப்பம், ஒரே அழுத்தம் இருந்தால் ஒரே அளவுள்ள எல்லா வாயுக்களிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. ஆக்சிஜன் இரட்டை இரட்டையாகத் திரிகிறது, அந்த ஜோடி பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகிறது என்றார். அணுவைப் பிளக்க வேண்டியதில்லை. ஜோடியைப் பிரித்தால் போதும்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே அணு இன்னொரு ஒரே அணுவோடு எப்படி ஒட்டும் என்று பெரியவர்கள் தள்ளிவிட்டார்கள். குழப்பம் எவ்வளவு தூரம் போயிற்று என்றால், 1861-இல் கெகுலே எழுதிய பாடப் புத்தகத்தில் அசெட்டிக் அமிலம் ஒன்றுக்கே, அதாவது காடியின் புளிப்புக்கு, அப்போது வழங்கிய 19 விதமான குறியீடுகளைத் தந்திருந்தார். அவகாட்ரோ 1856-இல் காலமானார். நாலு வருஷம் கழித்து, 1860 செப்டம்பரில், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ரசாயன அறிஞர்கள் கூடினார்கள். கானிஸாரோ என்ற சிஸிலிக்காரர் எழுந்து அவகாட்ரோவின் பக்கம் பேசினார். இளமையில் புரட்சியில் சேர்ந்து நாட்டைவிட்டு ஓடியவர், பேசத் தெரிந்தவர். கூட்டம் முடிவெடுக்காமலே கலைந்தது. கலைந்துபோகிறவர்கள் கையில் கானிஸாரோவின் சிறு பிரசுரம் ஒன்று கொடுக்கப்பட்டது. வீட்டுக்குப் போய்ப் படித்தார்கள், புரிந்துகொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த இளைஞர்களில் மெண்டலீவ் ஒருவர். சரியான அணு எடைகளை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷத்தில் தனிமங்களின் அட்டவணையைப் போட்டார். சொன்னவர் இல்லாத சபையில் சொல் ஜெயித்தது. உலக வழக்கம்தான், இருந்தாலும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

ஆறுதலாக ஓர் எண்ணுக்கு அவர் பெயரை வைத்தார்கள். கோயில் உண்டியலில் காசை ஒவ்வொன்றாக எண்ணி மாளாது. ஒரு காசு 4 கிராம் என்று தெரிந்தால் 4 கிலோ மூட்டையில் 1,000 காசு என்று தராசே சொல்லிவிடும். அணுக் கணக்கும் இதே தந்திரம். கால்சியம் 40 கிராம், கரிமம் 12 கிராம், தண்ணீர் 18 கிராம், கிளிஞ்சல் 100 கிராம், இவை ஒவ்வொன்றிலும் இருப்பது ஒரே எண்ணிக்கை. அதற்கு ஒரு 'மோல்' என்று பெயர். எத்தனை என்றால், 6022-க்குப் பக்கத்தில் இருபது பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள், ஏறக்குறைய வந்துவிடும். முன்பு 12 கிராம் கரிமத்தைக் கட்டளைக்கல்லாக வைத்திருந்தார்கள். 2019 மே 20 முதல் அந்த எண்ணையே நிலையாக நிர்ணயித்துவிட்டார்கள். வினாடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்கினால், பிரபஞ்சத்தின் வயதைப் போல் பத்து லட்சம் மடங்குக்கு மேல் உட்கார்ந்து எண்ண வேண்டும். அத்தனையும் ஒரு கை தண்ணீரில் அடங்கியிருக்கிறது. பெரியப்பா தம் தராசில் 10 கிலோ கிளிஞ்சல் வைத்தாரே, அது 100 மோல். அவர் அறியாமல் எண்ணிய எண்ணிக்கையைச் சித்திரகுப்தன்கூட எண்ணியிருக்க மாட்டான்.

இப்போது ஊரில் காளவாய்கள் அருகிவிட்டன. கிளிஞ்சல் சுண்ணாம்பின் இடத்தை ஸிமெண்டு பிடித்துக்கொண்டது. ஆனால் ஸிமெண்டுக்கும் தாய் அதே சுண்ணாம்புக்கல்தான். ராட்சஸ உலைகளில் மலை மலையாகக் கொட்டிச் சுடுகிறார்கள். நூற்றுக்கு நாற்பத்து நாலு அங்கேயும் போகிறது. உலையில் எரிக்கிற எரிபொருளின் புகை தனி. ஸிமெண்டுத் தொழில் விடுகிற கரியமில வாயுவில் பாதிக்கு மேல் இந்தக் கல்லின் மூச்சுத்தான். சுவர் அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது என்றேனே, கான்கிரீட்டும் வாங்கத்தான் செய்கிறது. ஆனால் மெல்ல மெல்ல, வருஷக்கணக்கில், அதுவும் ஒரு பகுதியைத்தான். நாம் விடுகிற வேகத்துக்கு அது ஈடுகொடுப்பதில்லை.

1958-இல் கீலிங் என்ற அமெரிக்கர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலை மேல் காற்றை நிறுக்கத் தொடங்காத குறையாக அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு 315 பங்கு அளவில் இருந்தது. 2024-இல் அது 420-ஐத் தாண்டிவிட்டது. கரி, எண்ணெய், காடு, கல் எல்லாவற்றிலிருந்தும் போனவை அங்கே வரவு வைக்கப்பட்டிருக்கின்றன. நாம் நம் பக்கத்தில் சுட்ட சுண்ணாம்பை மட்டும் எழுதிக்கொண்டோம்.

பழைய ரசாயனப் புத்தகங்களில் சமன்பாட்டின் நடுவே சமக்குறி போடுவார்கள்; இப்போது அம்புக்குறி போடுகிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பழைய சமக்குறிதான் பிடிக்கிறது. அம்பு போகிற திசையை மட்டும் காட்டுகிறது. சமக்குறி, இந்தப் பக்கம் இருந்ததெல்லாம் அந்தப் பக்கமும் இருக்கிறதா என்று கேட்கிறது. இல்லாவிட்டால் யாரையும் திருடி என்று சொல்வதற்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாததாக எதையேனும் எழுத விட்டோமா என்று இன்னொரு தடவை கூட்டிப் பார்க்கச் சொல்கிறது.